பயோஷாக்கில் நம்மை அச்சுறுத்துவது எது: இருட்டா, ரயனின் கொள்கையா?

அல்சூர் வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் மாதந்தோறும் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில், இம்முறை நூலுக்குப் பதிலாக ஒரு வீடியோ கேமை எடுத்துப் பேசலாம் என்று முடிவாகி, அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. 2007இல் வெளிவந்த பயோஷாக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். வட்டத்தில் பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். கேம் என்றால் பேரப்பிள்ளைகளின் கைப்பேசியில் பார்த்ததோடு சரி.

விளையாடாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ரூ ரயன் என்னும் பெருந்தொழிலதிபர், அரசும் மதமும் தன் உழைப்பின் பயனில் கைவைக்கக் கூடாது என்று கருதி, 1946இல் அட்லாண்டிக் கடலடியில் ராப்ச்சர் என்ற நகரத்தை உருவாக்குகிறார். 1960இல் ஒரு விமானம் கடலில் விழ, ஜாக் என்ற பெயரில் நாம் அங்கே சென்று சேர்கிறோம். அதற்குள் நகரம் பாழாகி, மரபணுவையே மாற்றும் ஆடம் என்ற பொருளுக்கு அடிமையாகிச் சித்தம் கலங்கிய ஸ்பிளைசர்கள் அங்கே திரிந்துகொண்டிருக்கிறார்கள்.

தன்னலமே அறம், சந்தைக்குக் கட்டுப்பாடு கூடாது என்று எழுதிய ஐன் ராண்டின் சிந்தனைக்கான மறுப்பாகவே பலரும் இதைப் படிக்கிறார்கள். எனக்கோ, தத்துவம் சுவரொட்டிகளிலும் ஒலிப்பதிவுகளிலும் இருக்க, அச்சம் இருட்டில் பாய்ந்து வருபவர்களிடம் இருப்பதாகவும், இரண்டுக்கும் இடையே பெரிய உறவு இல்லை என்றும் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன? ஒரே ஒரு காட்சியைத்தான் திரையிட முடியும் என்றால் எதைத் திரையிடுவீர்கள்? முடிச்சை அவிழ்த்துச் சொன்னாலும் பாதகமில்லை.

ஃபிரேசர் டவுன்காரன்

ஒரு பகுதிவரை நீங்கள் சொல்வது சரி. தொடக்கத்தில் ஸ்பிளைசர் பெண் ஒருத்தி, குழந்தையைத் தள்ளிச் செல்லும் வண்டியின் மேல் குனிந்து தாலாட்டுப் பாடிக்கொண்டிருப்பாள். அவளை வீழ்த்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால் குழந்தை இருக்காது, ஒரு கைத்துப்பாக்கி இருக்கும். அருமையான காட்சிதான், ஆனால் அதை எந்தப் பேய்க் கதையிலும் வைக்கலாம்.

ஆர்கேடியாவை அப்படி இடம் மாற்ற முடியாது. அது ஜூலி லாங்ஃபோர்டு என்ற தாவரவியலாளர் கடலடியில் வளர்த்த காடு. நகரம் மூச்சுவிடுவதே அந்த மரங்களால்தான். அதற்குள் உலாவ ரயன் கட்டணம் வைக்கிறார். பொதுப் பூங்காவுக்குக் கட்டணம் எதற்கு என்று லாங்ஃபோர்டு கேட்டதற்கு, விவசாயி தன் விளைச்சலை விற்கக் கூடாதா என்ற பொருள்படப் பதில் வந்ததாக அவருடைய ஒலிப்பதிவிலேயே கேட்கலாம். பிறகு நம்மைத் தடுப்பதற்காக அதே ரயன் மரங்கள்மீது நச்சு வாயுவைப் பாய்ச்சுகிறார். இலைகள் கருகிக்கொண்டிருக்கும்போது நமக்கு உறைப்பது ஒன்றுதான்: அவருடைய கொள்கைப்படி அந்த மரங்கள் அவருடைய உடைமை, உடைமையை அழிக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஊரே மூச்சுத் திணறினாலும் முறையிடுவதற்கு அங்கே ஒரு வாசல் கிடையாது. இங்கே லால்பாக்கில் நாமும் நுழைவுச் சீட்டு வாங்குகிறோம், முணுமுணுக்கிறோம். ஆனால் அதை நடத்துவது தோட்டக்கலைத் துறை, மனுக் கொடுக்க முடியும், காலை நடைக்கு வருவோரிடம் காசு கேட்பதில்லை. இருட்டும் கூச்சலும் இல்லாமல் என்னை நடுங்க வைத்த இடம் ஆர்கேடியா.

மாலைநேர மாணவி

ரயனைக் கொள்கையின் உருவமாகவே எடுத்துக்கொள்வது அவ்வளவு நியாயமில்லை என்பது என் கருத்து. கட்டற்ற வணிகத்துக்காகக் கட்டப்பட்ட நகரத்தில் மிகக் கொடிய குற்றம் எது தெரியுமா? வெளியுலகத்தோடு வணிகம் செய்வது! பைபிள் கடத்தி வந்தவர்களுக்குக்கூட அங்கே உயிர் மிஞ்சவில்லை. பிறகு, தன் போட்டியாளனான கடத்தல்காரன் ஃபிராங்க் ஃபான்டைன் இறந்துவிட்டான் என்று நம்பி, அவனுடைய நிறுவனத்தையே ரயன் கைப்பற்றுகிறார். ஐன் ராண்டின் தந்தை பீட்டர்ஸ்பர்க்கில் நடத்திய மருந்துக்கடையைப் போல்ஷ்விக்குகள் பறித்துக்கொண்டார்கள். ரயனும் ரஷ்யாவிலிருந்து தப்பி வந்தவராகவே படைக்கப்பட்டிருக்கிறார். எதிலிருந்து தப்பி ஓடினாரோ அதையே தன் நகரத்தில் அவர் செய்கிறார் என்றால், தோற்றது கொள்கையா, அதைக் கைவிட்ட மனிதரா? ராண்டின் வாசகர்கள் இந்தக் கேள்வியை எழுப்பினால் அதற்குப் பதில் சொல்ல நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஃபிரேசர் டவுன்காரன்

நல்ல கேள்வி, அம்மணி. ஆனால் அவர் ஏன் கைவிட்டார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏழைகளுக்கு உதவுவது ஒட்டுண்ணிகளை வளர்ப்பது என்று ரயன் ஒதுங்கிக்கொள்ள, ஃபான்டைன் ஏழைகளுக்கு விடுதியும் சிறுமிகளுக்கு அநாதை இல்லமும் திறக்கிறான். விடுதியிலிருந்து அவனுக்குப் படையாட்கள் கிடைக்கிறார்கள். இல்லத்துச் சிறுமிகள் ஆடம் சுரக்கும் லிட்டில் சிஸ்டர்களாக்கப்படுகிறார்கள். கொள்கையை மீறாமல் இதை எதிர்கொள்ள ரயனிடம் எந்தக் கருவியும் இல்லை. ஆக, மீறலுக்கான காரணமே கொள்கைக்குள்தான் இருந்தது.

வாசகருக்கு என் பரிந்துரை ரயனின் அறைக் காட்சி. நாம் யார் என்பது அங்கேதான் தெரிய வருகிறது: ரயனின் பிள்ளை; கருவாக இருந்தபோதே தாய் நம்மை விற்றுவிட்டாள்; வாங்கியவன் ஃபான்டைன். 'வுட் யூ கைண்ட்லி' (தயவுசெய்து செய்வீர்களா) என்று எவர் சொன்னாலும் கீழ்ப்படியும்படி நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். எதையும் விற்கலாம் என்ற நகரத்தின் சரக்குகளில் நாமும் ஒன்று. அடிமைக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேசியபடியே ரயன் கோல்ஃப் மட்டையை நம் கையில் கொடுத்துத் தன்னைக் கொல்லச் சொல்கிறார். அந்த நேரத்தில் நாம் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பயனில்லை. புத்தகத்திலோ திரைப்படத்திலோ இந்த அனுபவம் வாய்க்காது. இன்னொன்றும் உண்டு: செத்துச் செத்து நாம் எழுவதற்கு உதவும் வீட்டா சேம்பர்கள் ரயனின் மரபணுவுக்கேற்ப அமைக்கப்பட்டவை. உழைத்தவனுக்கே உரிமை என்ற ஊரில், பிறப்பால் வந்த சலுகையில்தான் இவ்வளவு நேரமும் உயிரோடு இருந்திருக்கிறோம்.

இரவுப்பணி

எல்லோரும் புகழ்வதால் ஒரு குறையையும் பதிவு செய்கிறேன். விளையாடுபவர் புதிய ஆற்றல்களை வாங்குவது ஆடத்தைக் கொடுத்துத்தான். ஒரு லிட்டில் சிஸ்டரைக் கொன்றால் 160 ஆடம், காப்பாற்றினால் 80. ஆனால் மூவரைக் காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் 200 ஆடம் பரிசாக வருகிறது. அதாவது மூவரைக் கொன்றால் 480, காத்தால் 440. வெறும் 40 ஆடம்தான் வேறுபாடு என்றால் அதில் என்ன தியாகம் இருக்கிறது? தன்னலத்தை விசாரிக்க வந்த கேம், தன்னலமின்மைக்கும் கிட்டத்தட்ட அதே கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறது. விளையாடுபவர் கோபித்துக்கொள்வார் என்ற கவலை வடிவமைப்பில் தெரிகிறது.

அல்சூர் வாசகன்

மூவருக்கும் நன்றி. ஆர்கேடியா ஒலிப்பதிவை முதலில் ஒலிக்கவிட்டு, மாணவியின் கேள்வியை அவையின் முன் வைத்து, விவாதம் சூடு பிடித்த பிறகு ரயனின் அறையைத் திரையிடலாம் என்று எண்ணுகிறேன். இரவுப்பணி அன்பரின் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். எங்கள் வட்டத்தில் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் நால்வர் இருக்கிறார்கள், அவர்கள் அதை விடமாட்டார்கள். கூட்டு வாழ்வின் பெயரால் நடக்கும் கொடுமையைக் காட்டும் 2010இன் இரண்டாம் பாகத்தையும் சேர்க்கச் சொல்லி ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். ஒரு மாலைக்குள் அதற்கு நேரம் போதாது.