கன்னியா நாடகம்: ஏட்டைத் திருத்தல்

பெரிய மாமா: அனைவருக்கும் வணக்கம். 2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை ஊரடங்கு வந்தபோது ஆடுவோர் முதன்முதலாகச் சதங்கை கட்டும் சதங்கை அணிச் சடங்கோடு நின்றுபோன, திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் கதை சொல்லும் நமது கன்னியா நாடகத்தின் ஏட்டை நேற்றிரவு பெட்டியிலிருந்து எடுத்தேன். தைத்த கம்பியின் துரு முதற் பக்கத்தில் இரண்டு பழுப்புக் கோடுகளாக ஊறியிருந்தாலும் எழுத்துகள் தெளிவாகவே உள்ளன. ஆனால், வாசித்து முடித்தபின் இதை இப்படியே மேடையேற்ற எனக்கு மனம் வரவில்லை.

மத்தளம் அண்ணா: எந்த இடம் இடிக்கிறது மாமா? 2022 இல் நாம் மீண்டும் தொடங்கியபோதுகூட, பெற்றோல் இல்லாமல் மூதூர்ப் பிள்ளைகள் வர முடியாததால்தான் விட்டோம். ஏட்டில் குறை இருந்ததால் அல்லவே.

பெரிய மாமா: கிழவர் வரும் இடம்தான். தாய்க்காகக் கோணேசர் மலையைப் பெயர்க்கப் போன இராவணனிடம் திருமால் முதியவராக வந்து, உயிரோடிருக்கும் தாயை இறந்துவிட்டாள் என்று சொல்ல, அவனும் அதை நம்பி நீர்க்கடன் கழிப்பதற்காக வாளால் ஏழு இடங்களில் குத்த, அவையே ஏழு வெந்நீர்க் கிணறுகளாயின என்ற கதையை அன்று நான் சபை சிரிப்பதற்காகவே எழுதினேன். கூத்தில் கேலி பேசும் கட்டியகாரன் கிழவரைப் போல இருமிக் காட்டுவான்.

எதிர்வீட்டு ரீச்சர்: அந்த இருமலை எடுத்துவிடுங்கள் அண்ணா. 2021 இல் அம்மா கொழும்பில் கண்ணை மூடிய செய்தி எனக்குக் கைபேசியில்தான் வந்தது. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அது பொய்ச் செய்தியாக இருக்கக்கூடாதா என்று இரண்டு நாட்கள் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மத்தளம் அண்ணா: ரீச்சர், உங்கள் வேதனை எனக்கு விளங்குகிறது. என்றாலும் சிரிப்பை எடுத்தால் நடுப்பகுதி தொய்ந்துவிடும். கொரோனா நாடகம் என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

பெரிய மாமா: அந்தச் சொல் ஏட்டில் எங்கும் வராது. கட்டியகாரனை மலை தூக்கும் காட்சிக்கு மாற்றுகிறேன். இராவணன் தோளை உருவிப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் அவன் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யட்டும். கிழவர் ஒரே வரி சொல்லிவிட்டுப் போவார். அதன்பின் இரண்டு பக்கம் ஓடும் விருத்தத்தையும் வெட்டிவிட்டேன். நான் ஆசையாக எழுதியது அது. ஆனாலும் தாயை இழந்தவன் அவ்வளவு இலக்கணமாக அழமாட்டான். கன்னியாவில் அடுத்தடுத்திருக்கும் கிணறுகளின் சூடு ஒன்றுபோல் இராததால் நாம் கைவிட்டுப் பார்த்துத்தானே குளிப்போம்? அதுபோல அவனும் ஒவ்வொன்றாகக் கைவைத்து, ஏழிலும் பேசாமல் நீர் மொள்ளட்டும்.

சின்னத்தம்பி: மாமா, அப்போது எனக்கு ஒன்பது வயது. இப்போது மகரக்கட்டு உடைந்துவிட்டதால் சிறுவன் பாட்டை என்னால் பாட முடியாது.

பெரிய மாமா: சிறுவனை ரீச்சரின் மகள் செய்யட்டும். நீ கிழவராக வா. வேறு குரல் தேட வேண்டியதில்லை.

மத்தளம் அண்ணா: சரி மாமா, ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இன்னொன்று, எங்கள் கொட்டிலில் வைத்த அட்டைக் கிணறுகளில் ஐந்தைக் கறையான் தின்றுவிட்டது.

பெரிய மாமா: கிணறே வேண்டாம். ஞாயிறு மாலை ஆளுக்கொரு வாளி கொண்டு வாருங்கள், ஏழு சேர்ந்துவிடும்.

எதிர்வீட்டு ரீச்சர்: எங்கள் வாளியின் கைபிடி கிறீச்சிடும் அண்ணா.

பெரிய மாமா: கிறீச்சிடட்டும். எண்ணெய் போட்டுவிடாதீர்கள்.