மறு: ‘ஓப்பன் ஆக்சஸ்’ – தமிழில் என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம். ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் யாரும் படிக்கவும் பயன்படுத்தவும் திறந்துவிடுவதை ஆங்கிலத்தில் ‘ஓப்பன் ஆக்சஸ்’ என்கிறார்கள். நம் கையேட்டில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் போடுவது என்பதுதான் கேள்வி.

> “இலவச அணுகல் என்றே போட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியுமே.”

நூலகத்தில் பணிபுரியும் அக்கா கேட்டது. புரியும்தான், தவறாகப் புரியும். சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

கையேட்டு வேலையாகச் சிங்கப்பூர் அங் மோ கியோ நூலகத்தில் உட்கார்ந்திருந்தோம். உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருத்தி, ஏடிஸ் கொசுவைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையை நான்கு பக்கம் தமிழில் பெயர்த்துக் கொண்டுவந்திருந்தாள். வரைபடத்தின் ஓரத்தில் இருந்த சொற்களைக்கூட அவள் விடவில்லை. கட்டுரைக்குக் காசு கேட்கவில்லை, ஆகவே வெளியிடலாம் என்பது அவள் கணக்கு. முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். கூடவே, வழிப்படைப்பு, அதாவது மூலத்தை மாற்றி உருவாக்கும் படைப்பு, கூடாது என்ற நிபந்தனை. மொழிபெயர்ப்பும் வழிப்படைப்புதான். மூலத்தை அப்படியே ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். அவளுடைய தமிழை, உரிமையாளரின் அனுமதியில்லாமல் வெளியிட முடியாது. தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

காசில்லாமல் படிப்பது வேறு, எடுத்துப் பயன்படுத்துவது வேறு. நம்மைப் போல மொழிபெயர்த்தே அறிவியல் படிக்கிறவர்களுக்கு இந்த வேறுபாடுதான் உயிர். ஓப்பன் ஆக்சஸ் என்றால் என்ன என்று 2002இல் வரையறுத்த புடாபெஸ்ட் அறிக்கையும் படிப்பதோடு நிற்கவில்லை. படியெடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், நிரலுக்குத் தரவாக ஊட்டலாம், சட்டத்துக்கு உட்பட்ட எதற்கும் பயன்படுத்தலாம் என்கிறது. எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் படைப்பைச் சிதைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைப் பதிவேற்றும், 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்திலோ எல்லாவற்றையும் காசில்லாமல் படிக்கலாம். ஆனால் அங்குள்ள பல கட்டுரைகள், விநியோகிக்கும் உரிமையை அந்தத் தளத்துக்குத்தான் தருகின்றன, வாசகருக்கு அல்ல.

நம் புளோக்கின் கீழ்த்தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் நடக்கலாம், பெஞ்சில் உட்காரலாம். கல்யாணப் பந்தல் போட வேண்டுமென்றால் நகர மன்றத்திடம் அனுமதி வாங்கித்தான் ஆகவேண்டும்.

ஆங்கிலத்தில் ‘ஃபிரீ’ என்ற ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிக்கிறது. 1998இல் மென்பொருள்காரர்கள், மூல நிரலை எல்லாருக்கும் திறந்துவிடும் மென்பொருளுக்கு ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயரைத் தேடிப் போனதற்கு அந்தக் குழப்பமும் ஒரு காரணம். தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. நம்மிடம் இல்லாத குழப்பத்தை நாமே ஏன் வரவழைக்க வேண்டும்?

‘கட்டற்ற அணுக்கம்’ என்று குழுவில் ஐயா முன்வைத்த சொல்லும் எனக்கு ஒட்டவில்லை. பெயர் சொல்ல வேண்டும் என்பதும் ஒரு கட்டுதானே? தவிர, அணுக்கம் என்றதும் எனக்கு அணுக்கத் தொண்டர் நினைவுதான் வருகிறது. அது நெருங்கி நிற்பவருக்கு உரிய சொல். முன்பின் தெரியாதவருக்கும் கதவு திறப்பதைப் பற்றியல்லவா பேசுகிறோம்?

என் பரிந்துரை: படிக்க மட்டும் விடுவது ‘திறந்த வாசிப்பு’, பெயர்க்கவும் மாற்றவும் விடுவது ‘திறந்த புழக்கம்’. ஒரு வீட்டில் தாராளமாகப் புழங்குகிறவர் வாசலோடு நிற்பதில்லை. அடுப்படிக்குப் போய்த் தண்ணீரும் மொண்டு குடிப்பார். பணப்புழக்கம் என்ற வழக்கு குறுக்கே வரும், தெரியும். ஓப்பன் சோர்ஸுக்கு வழங்கும் ‘திறமூலம்’ போல ஒட்டித் ‘திறபுழக்கம்’ என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கு தடுக்கியது. நம் ஊர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ‘இணையம்’ போல நான்கே எழுத்தில் யாருக்காவது தோன்றினால், என் சொல்லை மகிழ்ச்சியோடு கைவிடுகிறேன்.

கட்டுரையை எல்லாருக்கும் திறந்துவிடுமுன் வெளியீட்டாளர் விதிக்கும் காத்திருப்புக் காலத்துக்குத் ‘தடைக்காலம்’ போதும்; அதில் சண்டை வேண்டாம்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வியாழன் இரவுக்குள் மடல் போடுங்கள். கொசுக் கட்டுரையின் ஆசிரியருக்கு மாணவியே அனுமதி கேட்டு எழுதியிருக்கிறாள். பதில் வரும்வரை அவளுக்காக நான்கு பக்கம் காலியாக வைத்திருக்கிறேன்.