58 வயதில் முழங்கால் ஜவ்வு கிழிசல்: ஆபரேஷன் செய்யலாமா?

கொங்குத்தம்பி: அம்மாவுக்கு 58 வயது. சில மாதமாக இடது முழங்கால் வலி, படி இறங்கும்போது அதிகம். எம்.ஆர்.ஐ.யில் உள்பக்க ஜவ்வு (மெனிஸ்கஸ், மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு) கிழிசல், லேசான மூட்டுத் தேய்மானம் என்று வந்திருக்கிறது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே கீஹோல் ஆபரேஷனுக்கு (சின்னத் துளை வழியாகச் செய்வது) அடுத்த வாரம் தேதி கொடுத்துவிட்டார். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. செய்யலாமா?

பிசியோ_செல்வி: அவசரப்படாதீங்க தம்பி. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 50 வயது தாண்டிய 991 பேருக்கு முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2008-இல் வந்தது. ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் வலியும் இல்லை, இறுக்கமும் இல்லை. படத்தில் கிழிசல் தெரிகிறது என்பதாலேயே வலி அங்கிருந்துதான் வருகிறது என்று சொல்லிவிட முடியாது.

மூட்டுமருத்துவன்: அந்த 991 பேரும் வலி என்று தேடி வந்தவர்கள் இல்லை, ஊர்மக்கள். வலியோடு வருபவரை அந்தக் கணக்கில் சேர்ப்பது சரியில்லை. நான் ஆபரேஷன் செய்து நன்றாக நடந்து போனவர்களைக் கண்ணால் பார்க்கிறேன்.

பிசியோ_செல்வி: டாக்டர், அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த கீஹோல் ஆபரேஷன் ஆய்வு அந்த இடத்தில்தான் கை வைத்தது. 2002-இல் வெளியானது. தேய்மானம் உள்ள 180 பேரில் ஒரு பகுதியினருக்குப் பொய் ஆபரேஷன். தோலில் மூன்று சின்னக் கீறல் மட்டும். மயக்கத்தில் இருந்தாலும் நோயாளிக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று, சர்ஜன் ஒவ்வொரு கருவியாகக் கேட்டு வாங்குகிறார், காலை மடக்கி நீட்டுகிறார், கழுவும் சத்தம் கேட்கச் சலைனைச் சளசளவென்று ஊற்றுகிறார்கள். இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். நிஜ ஆபரேஷன் செய்தவர்களுக்கு, பொய் ஆபரேஷன் செய்தவர்களைவிட வலி அதிகமாகக் குறையவில்லை. உங்கள் நோயாளிகள் நன்றாக நடந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆபரேஷன் இல்லாமலும் நடந்திருப்பார்களா என்பதுதான் கேள்வி.

மூட்டுமருத்துவன்: அது ஒரே சர்ஜன் செய்தது. நோயாளிகள் பெரும்பாலும் ஆண்கள், முன்னாள் படைவீரர்கள். அதுவும் தேய்மானத்துக்கு, ஜவ்வுக்கு இல்லை.

பிசியோ_செல்வி: ஜவ்வுக்கும் பார்த்தாயிற்று. ஃபின்லாந்தில் ஐந்து மருத்துவமனைகளில், தேய்மானம் இல்லாத, ஜவ்வு மட்டும் நாள்பட்டுக் கிழிந்த 146 பேர். 2013-இல் வந்தது. அங்கும் பொய் ஆபரேஷனுக்கும் நிஜத்துக்கும் ஒரு வருடத்தில் வித்தியாசம் இல்லை.

மூட்டுமருத்துவன்: ஜவ்வு கிழிசலுக்கு ஆபரேஷனையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டு, அதே 2013-இல் வந்த மீட்டியர் ஆய்வையும் சொல்லுங்கள். பிசியோதெரபிக்குப் போனவர்களில் 30 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள். உடற்பயிற்சி போதாதவர்கள் உண்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பிசியோ_செல்வி: மீதி 70 சதவீதம் பேர் கத்தியில்லாமல் சமாளித்தார்களே! முதலிலேயே ஆபரேஷன் என்று போயிருந்தால் அவர்கள் எல்லோரும் மேஜையில் படுத்திருப்பார்கள். 2017-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதலும் தேய்மான முழங்காலுக்குக் கிட்டத்தட்ட யாருக்கும் கீஹோல் ஆபரேஷன் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அந்தக் குழுவில் எலும்பு சர்ஜன்களும் இருந்தார்கள்.

மூட்டுமருத்துவன்: சரி, ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்ட முழங்காலை அந்த ஃபின்லாந்து ஆய்வில் சேர்க்கவே இல்லை. விளையாடும்போது திருகி ஜவ்வு கிழிந்த இளைஞர்களையும் சேர்க்கவில்லை. இதைப் படித்துவிட்டு அவர்களும் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. தம்பி, அம்மாவால் காலை முழுசாக நீட்ட முடிகிறதா? வீக்கம் இருக்கிறதா? நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுத்தார்களா?

கொங்குத்தம்பி: முழுசா நீட்ட முடிகிறது டாக்டர், வீக்கம் இல்லை. நின்றபடி எக்ஸ்ரே எடுக்கவில்லை, நேராக எம்.ஆர்.ஐ.தான்.

மூட்டுமருத்துவன்: அப்படியென்றால் அடுத்த வாரத் தேதியை விடுங்கள். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, காலைத் தொட்டுப் பார்க்கும் வேறு டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வலி குறையாவிட்டால் நான் ஆபரேஷன் பற்றிப் பேசத்தான் செய்வேன்.

பிசியோ_செல்வி: மூன்று மாதம் கழித்தும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன் டாக்டர். தம்பி, இன்றைக்கே தொடங்கலாம். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, காலை மெதுவாக நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கச் சொல்லுங்கள். வலி கூடினால் அன்றைக்குக் குறைத்துக்கொள்ளட்டும், நிறுத்த வேண்டாம்.