வீட்டுக் குப்பை, பிரிக்கிறவங்க கூலி, பள்ளிக்கரணை: தெரிஞ்சதைப் பகிருங்க

மஞ்சப்பை:
சென்னையோட பெருங்குடி குப்பைமேடு இருக்கிறது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள்ளேயே. 2022-ல் அந்தச் சதுப்புக்கு ராம்சார் அங்கீகாரம் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம்னு) கிடைச்சுது. அதே வருஷம் ஏப்ரலில் குப்பைமேடு பத்திக்கிட்டுப் புகைஞ்சுது. அங்கே போற லாரி குறையணும்னா, விலைபோற சரக்கு நாறாம காயலான் கடைக்குப் போய்ச் சேரணும். குப்பை பிரிக்கிறவருக்குக் காசும் அதில்தான்.

பால் கவரையே எடுத்துக்குங்க. மூலையை முழுசா நறுக்கி எறிஞ்சா அந்தத் துண்டு எந்த மூட்டையிலும் நிக்காது, நேரா கால்வாய்தான். பாதி வெட்டி, கவரோடவே ஒட்டியிருக்க விடுங்க. அரை டம்ளர் தண்ணி விட்டு அலசி (செடிக்கு ஊத்திடலாம்), கவுத்துக் காயவைங்க. கழுவாத கவர் ரெண்டு நாளில் புழு வைக்கும். அப்புறம் மூட்டை மொத்தத்துக்கும் விலை அடிபடும்.

காயலான்:
தண்ணி, கூல்டிரிங்க்ஸ் வர்ற பெட் (PET) பாட்டிலும் அதே கதை. பாட்டில் ஒரு பிளாஸ்டிக், மூடி இன்னொரு பிளாஸ்டிக். தண்ணியில் போட்டா பாட்டில் துண்டு முங்கும், மூடி மிதக்கும். பிவிசிங்கிற வேற வகை பிளாஸ்டிக் லேபிள் கலந்துட்டா, பெட் உருகுற சூட்டில் அது கருகி சரக்கையே மஞ்சளாக்கிடும். அதனால் மூடி, வளையம், லேபிள் மூணையும் உரிச்ச சரக்குக்கு நல்ல விலை. ஆனா உரிக்கிற நேரத்துக்கு யாரும் காசு தர்றதில்லை. வீட்டிலேயே மூடியைக் கழட்டி, பாட்டிலை மிதிச்சுக் கொடுத்தா மூட்டையில் இடமும் மிச்சம்.

ஒயர் விஷயமும் சொல்லணும். செம்பு எடுக்க ஒயரைக் கொளுத்துறாங்க. மேலே இருக்கிற பிவிசி எரிஞ்சா டையாக்சின்கிற நச்சு வரும், அதை முதலில் மூச்சில் இழுக்கிறது கொளுத்துறவர்தான். கொளுத்தின செம்பு கறுத்துப்போகும், விலையும் கம்மி. பிளேடு வச்ச உரிப்பான் இருந்தா தடி ஒயரைத் தீயே இல்லாம உரிக்கலாம். மயிரிழை ஒயருக்கு அது ஒத்துவராது, அதனால்தான் நெருப்பு இன்னும் அணையலை.

வாழையிலை:
கல்யாண மண்டபத்தை யாரும் பேசலையே! மடிச்ச இலைக்குள்ள குட்டித் தண்ணி பாட்டில், ஐஸ்கிரீம் கப், ஸ்பூன் எல்லாம் சுருண்டு கிடக்கும். ஒவ்வொரு இலையையும் கையால் விரிச்சுத்தான் எடுக்கணும். பந்தி முடிஞ்சதும் இலை எடுக்கிறவங்க கையில் ரெண்டு கூடை இருந்தா, இலையை மூடுறதுக்கு முன்னாடியே பாட்டிலைத் தனியாப் போட்டுடலாம். கூடுதலா ரெண்டு ஆள் வேணும். அந்தக் கூலியை மண்டப வாடகையிலேயே சேர்த்துடுங்க.

வீட்டுக் கழிவில் உரம் தயாரிக்கிறவங்களுக்கு: சமையல் கழிவு ஒரு பங்குன்னா காய்ஞ்ச சருகு ரெண்டு பங்கு, அளவைக் கூடையால் பாருங்க, எடையால் வேண்டாம். கைப்பிடி அள்ளிப் பிழிஞ்சா ஒரு சொட்டு ரெண்டு சொட்டுதான் வரணும். ஒழுகினா காத்து போகாது, அழுகி நாறும். ஐப்பசி மழைக்கு மேலே கூரை, கீழே செங்கல் மேடை இல்லேன்னா குவியல் சேறாயிடும். இளநீர் மட்டையை முழுசா போடாதீங்க, மாசக்கணக்கில் மக்காது. வெளியே குவிச்சா தண்ணி தேங்கி டெங்கு கொசு வளரும். அரைக்கிற மெஷின் இருக்கிற இடத்துக்குத்தான் அனுப்பணும்.

மொட்டைமாடி:
இதெல்லாம் சரி. பிரிச்ச உலர் குப்பையை வித்த காசு யாருக்கு? அபார்ட்மென்ட் சங்கம் ஒரு ஏஜென்சியோட ஒப்பந்தம் போட்ட மறுநாளே தெருவில் வழக்கமா எடுக்கிறவருக்கு வருமானம் போயிடும். 2016 திடக்கழிவு விதிகளில், குப்பை சேகரிக்கிறவங்களை உள்ளாட்சி அங்கீகரிச்சு இந்த வேலையில் சேர்த்துக்கணும்னு இருந்துச்சு. அதனால் ஒப்பந்தத்தில் மூணு வரி எழுதி வாங்குங்க: பிரிக்கிற வேலை ஏற்கெனவே செய்றவங்களுக்கே, வித்த பணத்தில் அவங்க பங்கு எவ்வளவு, எடை போடுறது அவங்க கண் முன்னாடி. தராசில் வெறும் சாக்கை முதலில் வச்சு எடையைக் குறிச்சுக்குங்க. சாக்கு எடைன்னு சும்மா கழிக்கிறதில்தான் தினமும் காசு போகுது.

காயலான்:
@மொட்டைமாடி சாக்கு விஷயம் நூத்துக்கு நூறு. ஈரப் பேப்பரிலும் அதே தகராறு, ஈரம்னு சொல்லி எடையைக் கழிப்பாங்க.

மஞ்சப்பை:
இன்னொண்ணு. இன்சுலின் ஊசியைக் கவரில் போடாதீங்க, குத்துறது பிரிக்கிறவர் விரலில். கெட்டி பாட்டிலில் போட்டு மூடி, மேலே "ஊசி"ன்னு எழுதித் தனியாக் கொடுங்க. நாப்கின், டயப்பரைப் பேப்பரில் சுத்தி, மேலே அடையாளத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைங்க.