வன்னியில் சின்ன லேபிள்களின் நடன இசை கேட்கிறவர்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கிளிநொச்சி

சின்ன லேபிள்கள் (இசை வெளியிடும் நிறுவனங்கள்) வெளியிடும் எலெக்ட்ரோனிக் நடன இசையைக் கேட்கிறவர்கள் இந்தப் பக்கமும் இருக்கிறோம். ஆனால் ஆளுக்கொரு ஹெட்செட்டில் தனியாகக் கேட்கிறோம், ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. அதனால்தான் இந்தப் பதிவைத் தொடங்குகிறேன். முதலில் என் கதை.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பற்றரி வராது. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி டைனமோவில் கசெற் போடுவார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை களைத்தால் பாட்டு இழுபடும், பாடகரின் குரல் தடித்துவிடும். திரும்ப உன்னிச் சுற்றினால் குரல் நிமிர்ந்து வரும். ஒரே சீராகச் சுற்றப் பழகிய பிறகு, அப்பா வேறு யாரையும் பெடலில் கை வைக்க விடமாட்டார்.

பல வருடம் கழித்து, வைனல் தட்டுப் போடும் டிஜே ஒருவரின் காணொளியைப் பார்த்தேன். டெக்னிக்ஸ் 1200 தட்டுச் சுழற்றியின் ஓரத்தில் ஒரு நீளமான நகர்த்தி இருக்கும். அதனால் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் தட்டின் தாள அடியோடு அடுத்த தட்டின் அடியைச் சேர்க்க அதைத்தான் மெல்ல மெல்ல நகர்த்துகிறார்கள். எனக்கு யாரும் விளக்கத் தேவைப்படவில்லை, என் கைக்கு அது ஏற்கெனவே தெரியும். அன்றிலிருந்து இந்த இசையை விடவில்லை.

இந்த மாதம் நான் பின்தொடரும் லேபிள் இரண்டு சிங்கிள்கள் (தனிப்பாட்டு வெளியீடுகள்) வெளியிட்டது. ஒன்று சுமார்தான். மற்றது 7 நிமிடம், 122 பிபிஎம் (நிமிடத்துக்கு 122 அடி). முதல் இரண்டு நிமிடமும் ஒரு கிக் (பெரிய ட்ரம் அடி), ஒரு ஹை-ஹாட் (சின்னத் தாளச் சத்தம்), வேறு எதுவும் இல்லை. பிறகு பேஸ் (கீழ்ச் சத்தம்) வருகிறது. வந்தது என்று சொல்ல முடியாது, முதலிலிருந்தே கீழே இருந்தது இப்போதுதான் காதுக்குத் தெரிகிறது போல. இரணைமடுக் குளக்கட்டில் பொழுதுபடும் நேரம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நான்கு தடவை கேட்டேன்.

முள்ளியவளை

நான் முதலில் விரும்பியது டப்ஸ்டெப், பேஸ் கனமாக விழும் நடன இசை. லண்டனில் 2004 இல் கோட்9 என்கிற டிஜே தொடங்கிய ஹைப்பர்டப் லேபிளின் பழைய சிங்கிள்களைத் தேடித் தேடி எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் சம்பளத்தில் ஒரு சப் ஊஃபர் வாங்கினேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பாட்டைக் கூட்டி வைத்துக் கேட்டேன். அந்தப் பாட்டில் எல்லாச் சத்தமும் ஒரு நொடி நின்று, பிறகு பேஸ் விழும். வீட்டுக் கதவு அதிர்ந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். 2009 இல் நாங்கள் எங்கே இருந்தோம் என்று இங்கே எழுதத் தேவையில்லை.

ஒரு வருடம் அந்தப் பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் அம்மா தானாகவே கேட்டார், “அதை ஏன் சும்மா வச்சிருக்கிறாய்?” பயந்து பயந்து ஒரு ஹவுஸ் சிங்கிள் போட்டேன். நான்கு அடியிலும் கிக் தவறாமல் விழுகிற வகை. அம்மா மா அரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். “இது பரவாயில்லை. அடுத்தது எப்ப வரும் எண்டு தெரியுது” என்றார்.

அதற்குப் பிறகு ஒரு சிங்கிளை வாங்க முன்னர் அது எங்கே நிற்கிறது, எப்படித் திரும்ப விழுகிறது என்று பார்த்துத்தான் வாங்குகிறேன். டப்ஸ்டெப்பை இப்போதும் விரும்புகிறேன், அதை ஹெட்செட்டில் கேட்கிறேன். வீட்டில் பெட்டியில் ஹவுஸ்தான். விளக்கு வைக்கும் நேரம் எதுவும் இல்லை.

மாங்குளம்

ஒலி, ஒளி அமைப்பு வாடகைக்கு விடுகிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போவேன்.

சிங்கிளை வாங்கினால் பெரும்பாலும் ரேடியோ எடிட் என்கிற சின்னப் பதிப்பு, எக்ஸ்டெண்டட் மிக்ஸ் என்கிற நீளமான பதிப்பு என்று இரண்டு வரும். பலர் சின்னதை மட்டும் எடுக்கிறார்கள். டிஜேக்கு வேண்டியது பெரியது. அதன் தொடக்கத்திலும் முடிவிலும் பெரும்பாலும் 16 அல்லது 32 பார் (ஒரு பாருக்கு நான்கு அடி) வெறும் அடி மட்டும் இருக்கும். 120 பிபிஎம் என்றால் 32 பாருக்கு 64 வினாடி. ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக அந்த ஒரு நிமிடம்தான் பாலம்.

போன வருடம் ஒரு சாமத்திய வீட்டில், சாப்பாடு முடிந்து சனம் கொஞ்சம் குறைந்த பிறகு ஒரு எக்ஸ்டெண்டட் மிக்ஸ் போட்டேன். பெரியவர்கள் பாட்டு எப்போது தொடங்கும் என்று பார்த்துக்கொண்டு இருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, முதல் நான்கு அடியிலேயே இறங்கிவிட்டார்கள். அந்த அடி போய்க்கொண்டிருக்க மெல்ல ஒரு பப்பரப்பா (ட்ரம்பெட், ட்ரம் பாண்ட்) பாட்டைச் சேர்த்தேன். பிறகு மாமாமாரும் எழும்பினார்கள்.

தம்பிமாருக்கு ஒன்று சொல்லவேண்டும். காணொளியிலிருந்து உருவிய எம்பி3 ஐக் கொண்டு வந்து பெரிய பொக்ஸில் போடச் சொல்லாதீர்கள். மேல் சத்தம் மணல் அள்ளிப் போட்டது போல இருக்கும், கீழே பேஸ் கலங்கிவிடும். சுருக்காத வேவ் கோப்பு 7 நிமிடத்துக்கு 70 எம்பி அளவு வரும், 320 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 எடுத்தால் 17 எம்பி போதும். டேட்டா இல்லாவிட்டால் பென் டிரைவ் கொண்டு வாருங்கள், நான் தருகிறேன்.

புதுக்குடியிருப்பு

அக்காமாரும் இருக்கிறோம், அதைச் சொல்லத்தான் முதலில் எழுதுகிறேன்.

நான் கேட்பவள் மட்டுமில்லை, செய்கிறவளும். பழைய லப்டொப், இசை செய்யும் எஃப்எல் ஸ்டூடியோ மென்பொருள். உகண்டாவின் நியெகே நியெகே டேப்ஸ் லேபிள் வெளியிட்ட, தான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரத்துச் சிங்கெலி இசையைக் கேட்டபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. 200 பிபிஎம்முக்கு மேல் ஓடும். அந்த ஊர்ப் பெடியள் தங்கள் தெருச் சத்தத்தை அப்படியே வைத்திருந்தார்கள், யாருக்காகவும் மழுக்கவில்லை.

பிறகு எங்கள் உடுக்கைப் பதிவு செய்ய ஆசை வந்தது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரிடம் போனேன். அவர் அரை மணி நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார், “கூத்துக்கு அடிக்கிறதை எடு பிள்ளை. அம்மன் வாசலில அடிக்கிறதை எடுக்காத.” அந்த வேறுபாடு எனக்கு அதுவரை தெரியாது. இப்போது அதை மீறமாட்டேன். காத்தவராயன் கூத்துக்கு அடிக்கும் அடியை அவரே அடித்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்து திரையில் பார்த்தால் வேகம் ஒரே இடத்தில் நிற்கவே இல்லை. 104 இல் தொடங்கி 118 இல் முடிகிறது. கணினியின் கட்டத்துக்குள் பொருத்த ஒவ்வொரு அடியாக வெட்டி நகர்த்தினேன், மூன்று இரவு போனது. எல்லாம் நேராக வந்தபோது அது உடுக்காக இல்லை. தகரத்தில் தட்டுவது போல இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கிக்கை அவருடைய கைக்குப் பின்னால் போக வைத்தேன். அவர் ஏறும்போது கிக்கும் ஏறும்.

ஒரு லேபிளுக்கு அனுப்பினேன். “இதை டிஜே கலக்க முடியாது, ஆனால் வேகத்தைத் திருத்தவேண்டாம். நீளமான பதிப்பு ஒன்று செய்து அனுப்புங்கள்” என்று பதில் வந்தது. இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.

மல்லாவி, இப்போது ஸ்காபரோ

புதுக்குடியிருப்புத் தங்கச்சி, எம்.ஐ.ஏ. என்கிற பாடகி மாதங்கி அருள்பிரகாசத்தின் முதல் சிங்கிளும் 2003 இல் ஒரு சின்ன லேபிள் அடித்த 500 வைனல் பிரதிகள்தான். எக்ஸ்எல் ரெக்கோர்டிங்ஸ் லேபிள் பிறகுதான் வந்தது. செய்து முடியுங்கள். இசை செய்கிறவர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் வந்தால் நான் இங்கிருந்து வாங்குவேன். அங்கே டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்று அறிவிக்கிற நாள்களில் அதையும் விட்டுக்கொடுக்கிறார்கள். அந்த நாள் பார்த்து வெளியிடச் சொல்லுங்கள்.

கிளிநொச்சி

மாங்குளம் அண்ணா, உங்கள் பொக்ஸ் வாடகைக்குப் போகாத ஒரு ஞாயிறு சொல்லுங்கள். எல்லோரும் சேர்ந்து கேட்கப் பகலில் வைப்போம். புதுக்குடியிருப்புத் தங்கச்சி நீளமான பதிப்பை வேவ் ஆகக் கொண்டு வரட்டும், அண்ணாவியாரையும் கூட்டி வரட்டும். முள்ளியவளைத் தம்பி, அம்மா வந்தால் முன் வரிசையில் கதிரை போட்டு வைக்கிறேன், எதைப் போடுவது என்பதை நீங்கள் முதலில் கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.