காய்ச்சல் போன பிறகு வந்த நெஞ்சு வலி: உங்கள் அனுபவம் என்ன?

வைரஸ் காய்ச்சல் விட்டுப் பத்து நாள் இருக்கும். மல்லாந்து படுத்தால் நெஞ்சு வலித்தது, குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கியது. ரத்தத்தில் டிரோபோனின் (இதயத் தசை சேதமானால் கசியும் புரதம்) எகிறியிருந்ததால் மாரடைப்பு என்று ஆஞ்சியோ செய்தார்கள். ரத்தக் குழாயில் ஓர் அடைப்பும் இல்லை. எம்ஆர்ஐயில்தான் மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை அழற்சி, என்று தெரிந்தது.

காய்ச்சல்தான் போய்விட்டதே, அப்புறம் தசையை அடிப்பது யார் என்று கேட்டேன். "உங்க ஆளுங்கதான்" என்றார் டாக்டர். வைரஸ் புகுந்த தசை செல்லைத் தேடி நம் நோய் எதிர்ப்புப் படையின் டி செல்கள் வருமாம். பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் சவ்வில் ஓட்டை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே விடுமாம். அதோடு அந்த செல் செத்துவிடும். இதுவே மூக்கிலோ தொண்டையிலோ என்றால் புது செல் வந்துவிடும். இதயத் தசையில் வருஷத்துக்கு 1 சதவீதம் புதிதாக வந்தாலே பெரிது.

*

நான் பயாப்ஸி ஸ்லைடு, அதாவது இதயத்திலிருந்து கிள்ளி எடுத்த தசைத் துணுக்கை, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். இளஞ்சிவப்பில் வரிவரியாகத் தசை நார், நடுவே கருநீலப் புள்ளிகளாக லிம்போசைட்டுகள் (டி செல்கள் சேர்ந்த வெள்ளை அணு வகை). அவை ஒட்டிய இடத்தில் நாரின் விளிம்பு எலி கொறித்த மாதிரி இருக்கும். எத்தனை ஸ்லைடு பார்த்தாலும் எனக்கு அது பழகவில்லை. வெறும் புள்ளிகளை வைத்து மயோகார்டைட்டிஸ் என்று எழுதிவிட முடியாது. பக்கத்துத் தசை செல் சிதைந்திருக்க வேண்டும். பயாப்ஸியில் இந்த நோயை உறுதி செய்ய வகுத்த 1986 டல்லாஸ் விதிகள் கேட்பது அதைத்தான்.

*

அப்பாவுக்குப் புற்றுநோய்க்காக இரண்டு இம்யூனோதெரபி மருந்துகள் சேர்த்துக் கொடுத்தார்கள். டி செல்களின் பிரேக்கை எடுத்துவிடுகிற மருந்துகள். சில வாரத்தில் ஒரு கண் இமை தொங்கியது. தூக்கம் போதவில்லை என்று நாங்களே முடிவு கட்டினோம். மூச்சு வாங்கிய பிறகுதான் ஓடினோம். கண் தசை, இதயத் தசை இரண்டையும் அதே செல்கள் தாக்கியிருந்தன. டி செல்களை அடக்க அதிக அளவு ஸ்டீராய்டு ஏற்றி, இம்யூனோதெரபி மருந்தை நிறுத்தினார்கள். பிழைத்துக்கொண்டார்.

*

முதலில் எழுதியவன்தான். எனக்கு ஏன் ஸ்டீராய்டு தரவில்லை என்று இப்போது குழப்பம்.

*

ஸ்லைடு பார்ப்பவன். எல்லாருக்கும் தர மாட்டார்கள். வைரஸ் இன்னும் இருந்தால், அதை அடக்குவதும் அதே டி செல்கள்தானே? ராட்சத செல் வகை (தசையில் பல கரு கொண்ட பெரிய செல்கள் தெரியும் கடுமையான மயோகார்டைட்டிஸ்) என்றால் கதையே வேறு, அங்கே நோய் எதிர்ப்பை உடனே அடக்கியாக வேண்டும். உங்களுக்கு ஓட்டம், ஜிம் எல்லாம் நிறுத்தச் சொல்லியிருப்பார்களே?

*

ஆறு மாதம். இன்னும் நாலு பாக்கி.