ஏரிக்கரைக்கு வந்த தலைகளை எண்ணினால் அது மக்கள் பங்கேற்பு ஆகுமா?

வர்த்தூர்ரோடு:
பெங்களூரின் கிழக்குப் பக்கம் ஒரு ஏரியில் கம்பெனி ஒன்றின் சி.எஸ்.ஆர். பணத்தில் (கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம்) வேலை நடக்கிறது. நடைபாதை, வேலி, மரக்கன்று, வாய்க்காலில் குப்பையைத் தடுக்கும் கம்பிவலை. களத்தில் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். ஆண்டறிக்கைக்கு ‘சமூகப் பங்கேற்பு’ எவ்வளவு என்று கம்பெனியில் எண்ணாகக் கேட்கிறார்கள். இதுவரை கையெழுத்துத் தாளில் உள்ள தலைக்கணக்கைத்தான் கொடுக்கிறோம். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளன்று வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பஸ்ஸில் வந்திறங்கிய கம்பெனி ஊழியர்கள். கீழண்டைத் தெருக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தரப்பையும் ஒரே கட்டத்தில் கூட்டிப்போட எனக்கு மனம் வரவில்லை. வேறு எதை அளக்கலாம்?

களப்பதிவு:
கூட்டிப்போடாதீர்கள். முதல் வேலையாக அந்தக் கட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஊழியர் வந்தது ஊழியர் தன்னார்வம். அறிக்கையில் அதைத் தனி வரியில் எழுதுங்கள். அவர்கள் உழைத்த நேரத்துக்கு விலை போட்டு சி.எஸ்.ஆர். செலவில் காட்டவும் முடியாது.

இப்படிப்பட்ட திட்டங்களை மதிப்பீடு செய்வதுதான் என் தொழில். நான் போனதும் கேட்பது கூட்டத் தீர்மானப் புத்தகத்தை. ஒரு திட்டத்தில் அதைப் புரட்டியபோது, மாடு வைத்திருக்கும் ஒரு அம்மா, “வேலி போட்டுட்டா புல்லறுக்க எந்தப் பக்கமா இறங்குறது?” என்று கேட்டது பதிவாகியிருந்தது. அடுத்த கூட்டத்துக் குறிப்பில் அந்தக் கேள்வியே இல்லை. வரைபடத்திலும் வழி இல்லை. வருகைப் பதிவில் மட்டும் அந்த அம்மாவின் கைநாட்டு இருந்தது, ‘பங்கேற்றவர்’ என்று. அந்தப் பக்கத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் நான் எண்ணுவது இதைத்தான்: ஊர்க்காரர்கள் சொன்னது எத்தனை, அதில் திட்டத்தை மாற்றியது எத்தனை, மறுத்தவற்றில் காரணம் சொல்லி மறுத்தது எத்தனை. அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இலேயே பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகப் பிரித்துக் காட்டினார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அதில் நடுப்படிகள்தான். முடிவில் கை இருப்பதே மேல்படி. சர்ஜாப்பூர் ரோட்டு கைகொண்டரஹள்ளி ஏரியைப் போய்ப் பாருங்கள். சுற்றுவட்டார மக்களும் மாநகராட்சியும் சேர்ந்து மீட்ட ஏரி அது. மாட்டுக்குப் புல் அறுப்பவர்களுக்கும் அங்கே இடம் இருந்தது.

விவேக்நகர்_லட்சுமி:
தம்பி, எங்க பகுதியில குப்பை பிரிக்கிற திட்டம் வந்தப்போ நான் கண்டதைச் சொல்றேன். கூட்டம் காலையில பத்து மணிக்கு, அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸ்ல. அந்த நேரத்துல எங்க தெருப் பொம்பளைங்க பாதிப் பேர் அதே அபார்ட்மென்ட்ல பாத்திரம் துலக்கிட்டு இருப்பாங்க. நோட்டீஸ் இங்கிலீஷ்லயும் கன்னடத்துலயும் இருந்துச்சு. கன்னடம் பேசுவோம், எங்கள்ல பல பேருக்குப் படிக்க வராது. அப்புறம் ‘மக்கள் ஆர்வம் குறைவு’ன்னு எழுதிட்டாங்க. நாங்களே கேட்டு, ராத்திரி எட்டு மணிக்குக் கோயில் வாசல்ல தமிழ்ல பேசவச்சோம். உட்கார இடமில்லை. வராதவங்க யாரு, ஏன் வரலைன்னும் ஒரு பத்தி போடுங்க தம்பி.

கணக்கர்75:
சட்டப் பக்கம் சுருக்கமாக. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135: குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். 2021 திருத்தப்படி, சராசரி சி.எஸ்.ஆர். கடமை 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்கு, முடிந்து ஓராண்டாவது ஆன பிறகு, வெளியார் மூலம் தாக்க மதிப்பீடு (திட்டத்தால் என்ன பலன் விளைந்தது என்ற ஆய்வு) செய்ய வேண்டும். உங்கள் திட்டம் அந்த வரம்புக்குள் வந்தால் கம்பெனி அதிகாரியிடம் பேச அதுவே நல்ல பிடி. மதிப்பீட்டாளர் வரும்போது தலைக்கணக்கு மட்டும் இருந்தால் கேள்வி அந்த அதிகாரிக்குத்தான் வரும்.

வர்த்தூர்ரோடு:
நன்றி அக்கா, நன்றி சார். தீர்மானப் புத்தகம் எங்களிடம் இருக்கிறது, இன்றிரவே புரட்டுகிறேன். மரக்கன்றை எந்தக் கணக்கில் வைப்பது? நட்ட எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள்.

களப்பதிவு:
நட்டதையும் போடுங்கள், பக்கத்திலேயே அடுத்த மே மாதம் உயிரோடு இருப்பதையும் போடுங்கள். ஜூனில் நட்டால் அக்டோபர் வரை மழை பார்த்துக்கொள்ளும். ஜனவரியிலிருந்து யாராவது குடம் தூக்கினால்தான் பிழைக்கும். காண்ட்ராக்டர் ஆள் ஊற்றினாரா, தெருக்காரர் ஊற்றினாரா என்று பிரித்து எழுதுங்கள். கேட் சாவி யாரிடம், எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். புல்லறுக்கிறவர்கள் விடியற்காலையில் வருவார்கள்.